டெக்சாஸின் உறைபனி இருள்: விலை கொடுத்தவர்கள் யார்?

2021 பெப்ரவரி 15 ஆம் திகதி திங்கட்கிழமை அதிகாலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மின்கட்டமைப்பு முற்றாகச் சரிந்துவிழுவதற்கு 4 நிமிடங்களும் 37 செக்கன்களும் மாத்திரமே எஞ்சியிருந்தன. செக்கனுக்கு 60 சுழற்சிகள் என்ற அளவில் நிலைத்திருக்க வேண்டிய மின்னோட்டத்தின் அதிர்வெண் 59.3 வரை இறங்கிவிட்டது. அது 59.4 க்குக் கீழே 9 நிமிடங்கள் தொடர்ந்து நின்றிருந்தால், எஞ்சியிருந்த மின்பிறப்பாக்கிகளும் தம்மைப் பாதுகாத்துக்கொள்வதற்காகத் தாமாகவே இணைப்பிலிருந்து விலகியிருக்கும். அதன் பிறகு மாநிலத்துக்கு மீண்டும் மின்சாரம் வழங்குவதற்கு வாரங்கள், ஏன் மாதங்கள்கூட சென்றிருக்கலாம்.

அந்தப் பேரழிவைத் தவிர்ப்பதற்காகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தவர்கள் பகுதி பகுதியாக மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவிட்டனர். உச்சக்கட்டத்தில் துண்டிக்கப்பட்ட அளவு 20,000 மெகாவாட். அமெரிக்க வரலாற்றில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட மின்வெட்டுகளில் இதுவே மிகப்பெரியது. 45 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் வர்த்தக நிலையங்களும் இருளில் மூழ்கின. சுழற்சி முறையில் சில மணித்தியாலங்களுக்கே மின்வெட்டு இருக்கும் என்று மக்களுக்குக் கூறப்பட்டது. ஆனால், பற்றாக்குறை பெரிதாக இருந்ததால் சுழற்றுவதற்கு மின்சாரமே இருக்கவில்லை. வைத்தியசாலைகள் போன்ற அத்தியாவசிய நிலையங்களுக்கான மின்வழிகளைத் தொடமுடியாது என்பதால் ஏனைய வழிகளில் இருந்தவர்கள் நாட்கணக்கில் இருளிலேயே விடப்பட்டனர். ஹூஸ்டன் நகர மத்தியில் ஆளில்லாத அலுவலகக் கோபுரங்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தபோது, சுற்றியிருந்த குடியிருப்புகளில் மக்கள் குளிரில் நடுங்கினர். எமது தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழும் ஹூஸ்டன், டலஸ், ஒஸ்ரின் ஆகிய மூன்று நகரங்களும் இதற்குத் தப்பவில்லை.

மாநில சுகாதாரத் திணைக்களத்தின் இறுதிக் கணக்கின்படி உயிரிழந்தவர்கள் 246 பேர். அவர்களில் பெரும்பாலானோர் குளிரில் விறைத்து மாண்டனர். காரின் இயந்திரத்தை இயக்கியும் வீட்டுக்குள் கரியடுப்பை மூட்டியும் சூடேற்ற முயன்று நச்சுவாயுவினால் இறந்தவர்களும் உளர். உண்மையான எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம் என்று கூறும் மதிப்பீடுகளும் உண்டு.

அமெரிக்காவிலேயே அதிகளவு இயற்கை எரிவாயுவை உற்பத்தி செய்யும் மாநிலத்தில் இது எவ்வாறு நேர்ந்தது? கிணறுகளின் வாயிலில் நீர் உறைந்து எரிவாயு வரத்து குறைந்தது. எரிவாயு குறைந்ததால் மின்நிலையங்கள் நின்றன. மின்சாரம் குறைந்ததால் எரிவாயுவைக் குழாய்களில் உந்தும் நிலையங்களும் நின்றன. அந்த நிலையங்கள் பல, தாம் அத்தியாவசியமானவை என்று அறிவிக்கும் படிவத்தை முன்னதாகச் சமர்ப்பித்திருக்கவில்லை. எனவே, மின்சாரத்தைத் துண்டித்தவர்கள் தமது மின்நிலையங்களுக்கு வரவேண்டிய எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொண்டார்கள். ஒரு துண்டுப் படிவம் இல்லாமற்போனதன் விலை அது.

எச்சரிக்கைகள் இல்லாமலும் இல்லை. 1989 டிசம்பரிலும் 2011 பெப்ரவரியிலும் இதே மாநிலத்தில் உறைபனியால் மின்நிலையங்கள் நின்றன. 2011 நிகழ்வை ஆராய்ந்த சமஷ்டி அதிகாரிகள், இயந்திரங்களையும் குழாய்களையும் குளிர்தாங்கக்கூடியவையாக மாற்றுமாறு அதே ஆண்டு விரிவான அறிக்கையொன்றில் விதந்துரைத்தனர். டெக்சாஸ் அதைக் கட்டாயமாக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் குளிருக்காக ஆண்டுதோறும் செலவிடுவதற்குச் சந்தை எவருக்கும் பணம் தருவதில்லை என்பதே அதற்கான எளிய விளக்கம்.

அந்தச் சந்தையின் வேர்கள் 1935 வரை செல்கின்றன. ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் மாநில எல்லைகளைக் கடந்து விற்கப்படும் மின்சாரத்தைச் சமஷ்டி அரசின் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான சாம் றேபர்ன் டெக்சாஸ்காரர் என்பது வரலாற்றின் குறும்பு. அவரது மாநிலத்தின் மின்கம்பனிகள் எல்லைக்கு வெளியே மின்சாரத்தை விற்காமலும் வாங்காமலும் இருந்து வாஷிங்டனின் பிடியிலிருந்து விலகிக்கொண்டன. 1976 மே மாதம் கம்பனியொன்று இரவோடிரவாக அயல் மாநிலமான ஒக்லஹோமாவுக்கு மின்சாரத்தை அனுப்பியபோது, ஏனைய கம்பனிகள் சில மணித்தியாலங்களுக்குள் அதனுடனான இணைப்பைத் துண்டித்தன. அந்தளவுக்கு அந்தத் தனிமை காக்கப்பட்டது. 1999 இல் ஆளுநர் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட சட்டம் மின்விற்பனையைப் போட்டிச் சந்தைக்குத் திறந்துவிட்டது. மாநிலத்தின் மின்தேவையில் சுமார் 90 வீதத்தை நிருவகிக்கும் 'ஏர்கொட்' என்ற அமைப்பு அச்சந்தையின் தராசைப் பிடித்திருக்கிறது.

பொருளாதார விளைவுகளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2020 இல் ஒரு மெகாவாட் மணித்தியாலத்தின் மொத்த விலை சராசரியாக 30 டொலருக்கும் குறைவு. மின்வெட்டு தொடங்கிய அன்றே மாநிலப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் உத்தரவினால் அது உச்சவரம்பான 9,000 டொலருக்கு உயர்த்தப்பட்டு, 19 ஆம் திகதி காலைவரை அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டது. மின்வெட்டு 17 ஆம் திகதி நள்ளிரவுக்கு முன்னரே முடிவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிந்திய மணித்தியாலங்களில் மாத்திரம் 16 பில்லியன் டொலர் மிகையாக அறவிடப்பட்டதாகச் சந்தையின் சுயாதீன கண்காணிப்பாளர் முதலில் கணக்கிட்டார். பின்னர் அத்தொகை குறைத்து மதிப்பிடப்பட்டது.

மாநிலத்தின் மின்னுற்பத்தி, மின்கடத்தல் கூட்டுறவுகளில் மிகப்பழையதான பிராஸோஸ், 1.8 பில்லியன் டொலருக்கும் அதிகமான பட்டியலைச் செலுத்த முடியாமல் மார்ச் 1 ஆம் திகதி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. மொத்த விலையை வாடிக்கையாளரிடம் அப்படியே அறவிட்ட கிரிடி என்ற நிறுவனம், சில குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டொலருக்குப் பட்டியல் அனுப்பிவிட்டுத் தானும் வங்குரோத்தானது. மறுபுறத்தில், எனர்ஜி ட்ரான்ஸ்பர் என்ற குழாய்வழிக் கம்பனி இந்தப் புயலினால் தனக்கு 2.4 பில்லியன் டொலர் அனுகூலம் கிடைத்ததாக அறிவித்தது. மாநிலத்துக்கு ஏற்பட்ட மொத்த இழப்பை 80 முதல் 130 பில்லியன் டொலர் என்று டலஸ் மத்திய றிசேர்வ் வங்கி மதிப்பிட்டது. டெக்சாஸ் எரிவாயுவை நம்பியிருந்த மெக்சிக்கோவின் வடபகுதியிலும் இலட்சக்கணக்கானோர் மின்சாரத்தை இழந்தனர்.

அரசியல்வாதிகள் முதலில் தேடியது பழிபோட ஓர் ஆளை. இருள் நீங்குவதற்கு முன்னரே ஆளுநர் கிரெக் அபொட் தொலைக்காட்சியில் தோன்றி, காற்றாலைகளும் சூரியசக்தியுமே காரணம் என்ற தொனியில் பேசினார். காற்றாலைகளும் உறைந்தன என்பது உண்மை. ஆனால், நின்றுபோன அல்லது உற்பத்தி குறைந்த மின்பிறப்பாக்கிகளில் 58 வீதமானவை எரிவாயுவில் இயங்குபவை என்று அந்த ஆண்டு நவம்பரில் வெளியான சமஷ்டி விசாரணை அறிக்கை காட்டியது. செனற்றர் ரெட் குரூஸ் குடும்பத்துடன் மெக்சிக்கோவின் கடற்கரை நகரான கன்கூனுக்குப் பறந்து, கண்டனங்களுக்கு மத்தியில் மறுநாளே திரும்பினார். சமஷ்டி அரசைத் தமது விவகாரங்களிலிருந்து தள்ளிவைப்பதற்காக டெக்சாஸ் மக்கள் மூன்று நாட்களுக்கு மேலாகவும் மின்சாரமின்றி இருக்கத் தயார் என்று முன்னாள் ஆளுநர் ரிக் பெரி கூறினார். அவ்வாறு தயாராக இருந்தார்களா என்று குளிரில் இருந்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

மாநில உரிமை, அதிகாரப் பரவலாக்கம் என்ற சொற்களைக் கேட்டவுடன் பரிவோடு செவிசாய்ப்பது எமது அரசியல் அனுபவம் எமக்குத் தந்த இயல்பு. அதனாலேயே டெக்சாஸின் கதையை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். மத்தியிடமிருந்து விலக்கி வைக்கப்பட்ட அதிகாரம் அங்கு மக்களின் கைகளுக்கு வந்துசேரவில்லை. கண்காணிப்பற்ற சந்தைக்கே சென்றது. அதே மாநிலத்தின் மேற்கு மூலையிலுள்ள எல் பாசோ நகரம் ஏர்கொட்டுக்கு உட்பட்டதல்ல. அது அயல் மாநிலங்களோடு பிணைந்த மேற்கத்திய மின்கட்டமைப்பின் பகுதி. 2011 இல் அடிபட்ட பின்னர் அங்குள்ள மின்கம்பனி தனது நிலையங்களைக் குளிர்தாங்க வலுப்படுத்தியது. 2021 இல் அங்கு மின்சாரத்தை இழந்தவர்கள் சில ஆயிரம் பேரே. அதுவும் குறுகிய நேரத்துக்கு. இணைப்பு மாத்திரமே எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கும் என்று கூறமுடியாது. அந்த வாரத்தில் கிழக்கிலிருந்த அயல் மாநிலங்களிலும் தட்டுப்பாடு நிலவியது. ஆனால், அங்கு மின்வெட்டு குறுகியதாகவே இருந்தது.

பொறுப்புக்கூறல் என்ற பெயரில் நடந்தவற்றையும் பார்ப்போம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் உறுப்பினர்கள் மூவரும் மார்ச் மாத நடுப்பகுதிக்குள் ஒருவர் பின் ஒருவராக இராஜினாமா செய்தனர். ஏர்கொட்டின் பிரதம நிறைவேற்று அதிகாரி பில் மக்னஸ் பதவி நீக்கப்பட்டார். வெளிமாநிலங்களில் வசித்த பணிப்பாளர்கள் விலகினர். மிகையாக அறவிட்ட விலையைத் திருத்துமாறு கோரும் சட்டமூலத்தை மாநில செனற் சபை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் மாதம் ஆளுநர் கையொப்பமிட்ட சட்டங்கள் மின்நிலையங்களைக் குளிர்தாங்கக்கூடியவையாக மாற்றுவதைக் கட்டாயமாக்கி, மீறினால் நாளொன்றுக்கு 10 இலட்சம் டொலர் வரை தண்டம் விதிக்க வழிசெய்தன.

நட்டத்தின் பெரும் பகுதி கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டது. எரிவாயு விநியோகக் கம்பனிகள் அந்த வாரத்தில் கொடுத்த விலைக்காக 2023 இல் வெளியிடப்பட்ட பத்திரங்களின் பெறுமதி மாத்திரம் சுமார் 3.5 பில்லியன் டொலர். குளிரில் நடுங்கியவர்களே அதை மாதாந்தக் கட்டணத்தின் மூலம் பல ஆண்டுகளுக்குச் செலுத்தவேண்டியிருக்கிறது. நீதிமன்றக் கதவுகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏர்கொட்டுக்கு அரச நிறுவனத்துக்குரிய விடுபாட்டுரிமை உண்டு என்று 2023 ஜூனில் மாநில உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 9,000 டொலர் விலை உத்தரவுகள் சட்டபூர்வமானவை என்று 2024 ஜூனில் அதே நீதிமன்றம் கூறியது.

இடையில் 2022 நவம்பர் தேர்தலில், மின்கட்டமைப்பின் வீழ்ச்சியைப் பிரசாரத்தின் மையமாக்கிய பெட்டோ ஓ'ரூர்க்கை அபொட் சுமார் 11 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்கடித்து மூன்றாவது தடவையாக ஆளுநரானார். 2024 ஜனவரி உறைபனியை மின்கட்டமைப்பு மின்வெட்டின்றிக் கடந்ததும் உண்மையே. இயந்திரங்கள் ஓரளவு திருத்தப்பட்டுவிட்டன. அந்த 246 பேரின் மரணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மாத்திரம் வாக்குச்சாவடியிலும் பதில் கிடைக்கவில்லை, நீதிமன்றத்திலும் கிடைக்கவில்லை.