ஓட்டை வழியே வந்த உரிமை: ஐபோன் ஜெயில்பிரேக் குறித்த ஒரு வாதம்

2010 ஜூலை 26 அன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சட்டப்படி பெற்ற செயலிகளை இயக்குவதற்காக ஒருவர் தம் திறன்பேசியின் மென்பொருள் பூட்டை உடைத்தால், அது 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை மீறியதாகாது என்பது அதன் சாரம். எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் உரிமை அமைப்பு வாதாடிப் பெற்ற விலக்கு அது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வுக்கு வரும் அந்த விலக்கு, 2015இல் டேப்லெட்டுகளுக்கும் விரிந்தது. ஆனால் பூட்டை உடைத்தவரைத் தண்டனையிலிருந்து அது காத்ததே ஒழிய, உடைப்பதற்கு ஒரு வழியையும் காட்டவில்லை. கேட்டால் திறந்து கொடுக்க வேண்டும் என்ற கடமை உற்பத்தியாளருக்கு இல்லை. உடைக்கும் கருவியைச் செய்து பரப்புவதைத் தடுக்கும் பிரிவையும் அந்த விலக்கு தொடவில்லை. ஆகவே உரிமை உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் இயங்குதளத்தில் யாரேனும் ஒரு பாதுகாப்புப் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஜெயில்பிரேக் எனப்படும் இந்தப் பூட்டு உடைப்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சுதந்திரத்தை ஒரு தட்டிலும் பாதுகாப்பை மறு தட்டிலும் வைத்து எடை பார்க்கின்றன. அந்த எடைபோடலே பிழையானது என்பது என் வாதம். கட்டுப்பாட்டை நீக்குவதால் வரும் ஆபத்தில் பெரும்பகுதி, அதை நீக்கும் முறையிலிருந்து வருகிறது. உரிமையாளர் உள்ளே நுழையப் பிழையைத் தவிர வேறு வாசல் இல்லாதபோது, உளவாளி நுழையும் அதே வாசலில்தான் அவரும் நிற்க நேர்கிறது.

முதலில் எது நீக்கப்படுகிறது என்பதைப் பார்க்கலாம். ஐபோனை இயக்கியதும் முதலில் ஓடுவது, சிப்பிலேயே பதிக்கப்பட்ட, மாற்ற முடியாத ஒரு சிறு நிரல். அது அடுத்து வரும் நிரலில் ஆப்பிளின் கையொப்பம் உள்ளதா என்று சரிபார்க்கும். அந்த நிரல் தனக்கு அடுத்ததைச் சரிபார்க்கும். இப்படியே இயங்குதளத்தின் மையமான கெர்னல்வரை சங்கிலி நீளும். கெர்னல் எழுந்தபின் ஆப்பிள் ஏற்ற கையொப்பம் இல்லாத எந்தச் செயலியையும் இயங்க விடாது. இயங்கும் செயலியும் தன் அறைக்குள் அடைபட்டிருக்கும். பிற செயலிகளின் தரவைத் தொட முடியாது. ஜெயில்பிரேக் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியை முறித்து, கெர்னலின் சரிபார்ப்பை முடக்குகிறது. வெளிச் செயலியை நிறுவ வேண்டும் என்று மட்டும் விரும்பியவருக்கும், அறைகளுக்கு இடையிலான சுவர்கள் சேர்ந்தே பலவீனமாகின்றன. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி இதில் மிகக் குறைவு.

நன்மைகள் மெய்யானவை. 2007 ஜூன் 29 அன்று ஐபோன் விற்பனைக்கு வந்தபோது வெளியார் எழுதிய செயலி எதையும் அதில் நிறுவ முடியாது. சில வாரங்களுக்குள் பூட்டு உடைந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு பிணைந்திருந்த அந்தக் கருவியை, ஆகஸ்டில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயது இளைஞர் பிற நிறுவனங்களின் சிம்முக்கும் திறந்து காட்டினார். ஜே ஃப்ரீமன் எழுதிய சிடியா என்னும் செயலிக் களஞ்சியம் 2008 பிப்ரவரியில் வந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது அவ்வாண்டு ஜூலையில்தான். அறிவிப்புகளை ஓரிடத்தில் திரட்டுவது, வைஃபை போன்றவற்றை ஒரே இழுப்பில் நிறுத்தும் பலகை, முகப்புத் திரைக்குப் பின்னணிப் படம் ஆகிய இவை யாவும் பூட்டு உடைத்த பேசிகளில் முதலில் புழங்கி, ஆண்டுகள் கழித்தே அதிகாரபூர்வமாக வந்தன. ஆப்பிள் அவற்றைப் பார்த்துத்தான் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் மொபைல்நோட்டிஃபையர் என்ற ஜெயில்பிரேக் செயலியை எழுதியவரையே 2011இல் ஆப்பிள் வேலைக்கு எடுத்துக்கொண்டது நிகழ்ந்த செய்தி.

தமிழருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013இல் ஐ.ஓ.எஸ் 7 உடன் வந்தது. வெளியார் உருவாக்கும் விசைப்பலகைகளுக்கு 2014இல்தான் இடம் கிடைத்தது. அதுவரை முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற ஒரு செயலியால், தன் சட்டகத்துக்குள் தட்டெழுதி வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் வழியையே தர முடிந்தது. எந்த மொழியில் எழுதலாம் என்பதுகூட பூட்டின் சாவியை வைத்திருப்பவரின் வரிசை முறைக்குக் காத்திருந்தது. சிறு மொழிகளைப் பேசுவோர் இந்தக் காத்திருப்பை எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

இவற்றைவிடக் கனமான நன்மை ஒன்று உண்டு. வசதி பற்றிய பேச்சில் அது மறைந்துபோகிறது. செயலி வர ஒரே வாயில் மட்டும் இருந்தால், அரசுக்கு அந்த ஒரு வாயிலைப் பிடித்தால் போதும். 2017இல் சீனாவில் ஆப் ஸ்டோரிலிருந்து வி.பி.என் செயலிகள் நீக்கப்பட்டன. 2019 அக்டோபரில், ஹாங்காங் போராட்டங்களின்போது காவலர் நடமாட்டத்தை வரைபடத்தில் காட்டிய எச்.கே.மேப் லைவ் நீக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் வாட்ஸ்ஆப்பும் திரெட்ஸும் சீன ஸ்டோரிலிருந்து போயின. அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கும் அதிகாரிகளுக்கும் கட்டுப்பட்டோம் என்பது நிறுவனத்தின் விளக்கம். வணிக நிறுவனம் ஒன்று வேறெதுவும் செய்திருக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் குறை அந்த நிறுவனத்தின் மனத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. மறுக்க முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, எல்லோருடைய சாவியையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.

இனி ஆபத்துகள். 2009 நவம்பரில் ஐக்கீ என்ற புழு ஆஸ்திரேலியாவில் பரவியது. ஜெயில்பிரேக் செய்தபின் எஸ்.எஸ்.எச் என்னும் தொலைவழி நுழைவு மென்பொருளை நிறுவிவிட்டு, எல்லா ஐபோன்களுக்கும் பொதுவான ‘ஆல்பைன்’ என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களின் பேசிகளே அதன் இலக்கு. அது பின்னணிப் படத்தை மாற்றியதோடு நின்றது. அதே மாதத்தில் அதே வழியில் நுழைந்த இன்னொரு புழு, நெதர்லாந்து வங்கி ஒன்றின் வாடிக்கையாளர்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பியது. 2015 ஆகஸ்டில் வெளிச்சத்துக்கு வந்த கீரெய்டர் இன்னும் கொடியது. சிடியா வழியே சென்ற ஒட்டுச் செயலிகளில் ஒளிந்திருந்து, 2,25,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்களை அது திருடியது. சுவர் வலுவிழந்த வீட்டில் ஒரு தவறான செயலி போதும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, செய்தியாகாமல் நாள்தோறும் நடப்பது. கெர்னல் பிழை ஒன்றை நம்பி ஜெயில்பிரேக் செய்தவர், அந்தப் பிழையை அடைக்கும் மேம்படுத்தலை நிறுவ மாட்டார். நிறுவினால் பூட்டு திரும்பிவிடும். புதிய பதிப்பு வந்த சில நாட்களில் ஆப்பிள் பழையதற்குக் கையொப்பமிடுவதை நிறுத்திவிடுவதால், பின்னோக்கிச் செல்லவும் வழியில்லை. எனவே அந்த ஒரு பிழையை வைத்துக்கொள்வதற்காக, அதே மேம்படுத்தல் சரிசெய்யும் பிற பிழைகள் எல்லாவற்றையும் அவர் திறந்தே வைக்கிறார். உரிமையைக் காத்துக்கொள்ள உடைந்த பேசியாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிலை இது. இதை உரிமையாளரின் அலட்சியம் என்று சொல்வது நியாயமாகாது.

என் வாதத்தின் நடுப்புள்ளி இரண்டு நிகழ்வுகளில் இருக்கிறது. 2011 ஜூலையில் ஜெயில்பிரேக்மீ என்ற தளம், பி.டி.எஃப் கோப்பைக் கையாள்வதிலிருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தியது. உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், பூட்டு கழன்றுவிடும். அதை எழுதிய நிக்கோலஸ் அலெக்ரா, அந்தப் பிழையை அடைக்கும் ஒட்டு ஒன்றையும் சிடியாவில் வைத்தார். ஆப்பிளின் திருத்தம் ஜூலை 15 அன்று வரும்வரை, அந்த ஓட்டையிலிருந்து தப்ப வழி இருந்தது பூட்டை உடைத்தவர்களுக்கு மட்டுமே.

2016 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது; சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய ரகசியம் என்று ஓர் இணைப்பு. அவர் அதைத் தொடாமல் டொரொன்டோவின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகத்துக்கு அனுப்பினார். தொட்டிருந்தால் மூன்று பிழைகள் அடுத்தடுத்து இயங்கி அவர் பேசியை அவரறியாமல் ஜெயில்பிரேக் செய்து, என்.எஸ்.ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருளை உள்ளே வைத்திருக்கும். 2011இல் உரிமையாளர் விரும்பித் தொட்டதும் 2016இல் செயற்பாட்டாளரைத் தொட வைக்க முயன்றதும் ஒரே இனத்துத் தாக்குதல்கள். அதற்கு முந்தைய ஆண்டே, தொலைவிலிருந்து செய்யக்கூடிய ஐ.ஓ.எஸ் 9 ஜெயில்பிரேக்குக்கு 10 லட்சம் டாலர் தருவதாக ஸெரோடியம் என்ற நிறுவனம் அறிவித்திருந்தது. இலவசமாக ஊரறிய வெளியிட்டால் சில நாட்களில் அடைபடும் பிழைக்கு, மறைத்து விற்றால் அந்த விலை. பூட்டு இறுக இறுக, ஓட்டைகள் பொதுவெளியை விட்டுச் சந்தைக்குப் போகின்றன. ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்த ஓட்டைகள் அரசுகளின் கைக்கு மாறுகின்றன.

இந்த வாதத்தைச் சோதிக்க ஒரு வாய்ப்பு தற்செயலாகவே வந்தது. 2019 செப்டம்பரில் வெளியான செக்மேட், ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்புகளில் பதிந்த முதல் நிரலிலேயே உள்ள பிழை. சிப்பை மாற்றாமல் அதைத் திருத்த முடியாது. பேசியைக் கையில் எடுத்துக் கம்பியால் இணைத்தால்தான் அது வேலை செய்யும். மறுதொடக்கம் செய்தால் பேசி பழைய பூட்டிய நிலைக்குத் திரும்பும். மேம்படுத்தல் இதை அடைக்க முடியாது என்பதால், பேசியைப் புதுப்பித்துக்கொண்டே திறக்கவும் முடிந்தது. மேலே சொன்ன பேராபத்து இங்கே பெரிதும் தணிகிறது. தொலைவிலிருந்து வருபவருக்கு அது பயன்படவில்லை. ஆனால் பேசியைப் பறிமுதல் செய்யும் காவலருக்கும் அதே கம்பி உதவும் என்பதால் இதை லட்சிய ஏற்பாடு என்று கொண்டாட மாட்டேன். திறக்கும் முறை மாறினால் ஆபத்தின் தன்மையும் மாறும் என்பதற்கு இது சான்று. அவ்வளவே என் கோரிக்கை.

பிழையே தேவைப்படாத முறையும் நடைமுறையில் உண்டு. கூகுளின் பிக்சல் பேசியில் இயங்குதளத்தை எழுப்பும் நிரலான பூட்லோடரை உரிமையாளரே திறக்கலாம். திறந்தவுடன் தரவு முழுதும் அழிந்துவிடும். ஆகவே திருடனுக்கு அதனால் பயனில்லை. கிராஃபீன் ஓ.எஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நிறுவி, அதன் சாவியைப் பேசியில் பதித்து, மறுபடியும் பூட்டவும் முடியும். அப்போதும் கையொப்பச் சங்கிலி முழுமையாக இயங்குகிறது. இயங்குதளத்தைச் சரிபார்ப்பது உரிமையாளர் தேர்ந்த சாவி என்பதுதான் வேறுபாடு. ஆப்பிளுக்கும் இது இயலாததல்ல. 2020இல் அது தொடங்கிய பாதுகாப்பு ஆய்வுக் கருவித் திட்டத்தில், கெர்னல்வரை திறந்த ஐபோன்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு 12 மாத இரவலாகத் தரப்படுகின்றன. திறந்த ஐபோனைச் செய்ய முடிகிறது. அதை விற்பதற்குத்தான் மனமில்லை.

இதற்கு எதிரான வலுவான வாதம் உளவாளியைப் பற்றியதல்ல, மோசடிக்காரரைப் பற்றியது. உரிமையாளர் திறக்கக்கூடிய பூட்டை, உரிமையாளரை மிரட்டியும் திறக்க வைக்கலாம். ‘உங்கள் வங்கிக் கணக்கு ஆபத்தில் இருக்கிறது’ என்று தொலைபேசியில் பதறவைத்து, படிப்படியாகச் சொல்லிக் கொடுத்து, கள்ளச் செயலியை நிறுவச் செய்யும் கும்பல்கள் தென்கிழக்கு ஆசியாவில் உள்ளன. 2025இல் வெளிச் செயலிகளுக்கும் அவற்றை எழுதியவரின் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதாக அறிவித்தபின் கூகுள் இதையே காரணமாகக் காட்டியது. வீட்டுக்குள் மனைவியின் பேசியில் உளவுச் செயலி வைக்கும் கணவனும் இந்தக் கணக்கில் வருவான். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தரவு அழிப்பு, கணினி இணைப்பு, ஒவ்வொரு தொடக்கத்திலும் திரையில் தோன்றும் எச்சரிக்கை என்ற மூன்றும் சேர்ந்தால், பதற்றத்தில் இருக்கும் ஒருவரை அரை மணி நேரத்துக்குள் ஏமாற்றுவது மிகவும் கடினமாகும். முற்றிலும் இயலாததாகாது. மிஞ்சும் அந்த ஆபத்தை ஏற்கத்தான் வேண்டும் என்கிறேன். மறுபுறம் மிஞ்சுவது ஒரு நாட்டு மக்கள் அனைவருக்குமான ஒற்றை வாயில்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். 2024 மார்ச்சில் வந்த ஐ.ஓ.எஸ் 17.4 அங்கே மாற்றுச் செயலிக் கடைகளை அனுமதித்தது. ஏப்ரலில் ஆல்ட்ஸ்டோர் என்ற அத்தகைய கடை திறந்தது. ஆனால் அந்தக் கடைகளில் வரும் செயலியும் ஆப்பிளின் சரிபார்ப்பைக் கடந்தே வர வேண்டும். கடைகள் பெருகின, சாவி கைமாறவில்லை. வணிகப் போட்டிக்கு அது நல்லது; இங்கே பேசும் உரிமைக்கு அது பதிலாகாது.

இன்றைய நிலையில் ஒரு பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ கேட்டால், தினசரிப் பேசியை ஜெயில்பிரேக் செய்யாதீர்கள், மேம்படுத்தலை உடனே நிறுவுங்கள், தாக்க வழியாகும் வசதிகளைக் குறைக்கும், 2022இல் வந்த லாக்டவுன் முறையை இயக்குங்கள் என்றே சொல்வேன். அந்த அறிவுரைக்கும் என் வாதத்துக்கும் முரண் இல்லை. பிழை வழியாகத்தான் திறக்க முடியும் என்னும்வரை அதுவே சரி.

சட்டம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விற்கும் ஒவ்வொரு திறன்பேசியிலும் தரவை அழித்துத் திறந்து, உரிமையாளரின் சாவியோடு மீண்டும் பூட்டும் வழி இருக்க வேண்டும். குறைந்தபட்சம், உற்பத்தியாளர் பாதுகாப்பு மேம்படுத்தலை நிறுத்தும் நாளிலாவது அது கட்டாயமாக வேண்டும். மற்றது, பேசியை விட்டுச் சேவைக்கு நகர்ந்துவிட்ட பூட்டைப் பற்றியது. இந்தியாவில் பல வங்கிச் செயலிகள், ரூட் செய்த, அதாவது பூட்டு உடைத்த, பேசி என்று கண்டால் இயங்க மறுக்கின்றன. அவற்றின் அச்சம் புரிகிறது. ஆனால் செயலிகள் பேசியின் நம்பகத்தை அறியப் பயன்படுத்தும் கூகுளின் பிளே இன்டக்ரிட்டி சோதனை, மேம்படுத்தல் நின்றுபோன பழைய பேசியை ஏற்கவும், நேற்று புதுப்பித்துச் சரியாகப் பூட்டிய கிராஃபீன் ஓ.எஸ் பேசியைத் தள்ளவும் கூடும். அந்தப் பேசியின் சங்கிலி அறுபடவில்லை என்பதை வன்பொருளே சான்றளிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருக்கிறது; செயலி அதைக் கேட்டுப் பெறலாம். பேசியில் இயங்கும் மென்பொருள் யாருடையது என்று கேட்கும் சோதனையை விட்டு, அது யாராலும் சிதைக்கப்படாமல் இருக்கிறதா என்று கேட்கும் சோதனைக்கு வங்கிகள் மாற வேண்டும்.