கோடு போட்ட விரிப்பு

பிள்ளை பிறந்து அழுதாகிவிட்டது. நஞ்சும் விழுந்தாயிற்று. எல்லார் கண்ணும் குழந்தையின் மேல் இருக்கும் அந்த நேரத்தில்தான் தாய்க்குக் கீழே விரித்த துணி நனைந்துகொண்டிருக்கும். எவ்வளவு நனைந்தது என்று கேட்டால், காலங்காலமாகக் கிடைத்துவந்த பதில் மருத்துவச்சியின் கண் திட்டம் ஒன்றுதான். சோற்றுக்கு அரிசி போடக் கண் திட்டம் போதும். உதிரத்துக்குப் போதாது. அது துணியில் ஊறும், பனிக்குட நீரோடு கலக்கும், கட்டிலடியில் தரையிலும் ஓடும். போக்கு பெருகப் பெருகக் கண் குறைத்தே கணக்கிடும். கைதேர்ந்த மருத்துவரும் இதற்கு விலக்கில்லை.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் கருப்பைத் தசை கல்லாக இறுகி, திறந்து கிடக்கும் குழாய்களை நெரித்து மூட வேண்டும். தொய்ந்துபோனால் உதிரம் நிற்காது. திடமான பெண்ணின் உடல் வெகுநேரம் சமாளித்துக் காட்டும். இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும்போது காலம் கைமீறிப் போயிருக்கும். சோகை பிடித்த பெண்ணுக்கு அந்த அவகாசமும் இல்லை. ஆண்டுதோறும் சுமார் 1.4 கோடிப் பெண்களுக்கு இந்தப் பெரும்போக்கு ஏற்படுகிறது, அவர்களில் 70,000 பேர் அளவில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பெண்கள். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சொன்னது இன்னும் பழங்கதையாகிவிடவில்லை.

ஆபத்துக்கு வகுத்த எல்லை 500 மில்லி லிட்டர். நம் பழைய அளவில் மூன்று ஆழாக்கு. அந்த மூன்று ஆழாக்கை அளக்கத்தான் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு பிறந்தது.

பிறந்த ஊர் கர்நாடகத்தின் பெல்காம், இன்றைய பெலகாவி. 2002இல் அங்குள்ள ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கோட்கனி, கவுடர் ஆகியோரும் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டெர்மனும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். கிராமத்துத் துணைச் செவிலியர் பார்க்கும் பிரசவங்களில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்தால் உதிரப்போக்கு குறையுமா என்பது கேள்வி. குறைந்ததா என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டுமே! தாயின் இடுப்புக்கடியில் விரித்து, வயிற்றைச் சுற்றி நாடாவால் கட்டி, கீழ்முனை புனல்போல் குவிந்து பையாக முடியும் ஒரு விரிப்பைச் செய்தார்கள். பையின் மேல் அளவுக் கோடுகள் போட்டார்கள். உருவாக்கியவர்களின் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளைக் கோத்து ‘பிராஸ்-வி’ என்று பெயர் வைத்தார்கள். 1,620 தாய்மார் பங்கேற்ற அந்த ஆய்வு 2006இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மாத்திரை பெறாத தாய்மாரில் 12 சதவீதமாக இருந்த பெரும்போக்கு, பெற்றவர்களில் 6.4 ஆகக் குறைந்திருந்தது. பேர் மாத்திரைக்குப் போனது. அதே ஆண்டு வெளியான இன்னொரு சிறிய ஆய்வு, விரிப்பு காட்டியதைவிடக் கண் திட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சொன்னதைப் பதிவுசெய்தது. எனக்கு இந்தக் கதையில் அதுதான் பெரிய செய்தி.

அளக்கும் கவலை பெல்காமுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தான்சானியாவின் கிகோமா பகுதியில் பெண்கள் உடுத்தும் கங்கா துணியையே அளவாகக் கொண்டார்கள். இரண்டு கங்கா முழுக்க நனைந்தால் அரை லிட்டர், உடனே மருந்து கொடு என்று ஊர் மருத்துவச்சிகளுக்குச் சொல்லித் தந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் பின்பற்றக்கூடிய அளவு அது. அதைக் கண்டவர்களை மனமார மதிக்கிறேன்.

விரிப்பு பிறகு நம் மதுரைக்கு வந்தது. இங்கே தயாரானவை, உதிரப்போக்கைத் தடுக்கத் தரும், வெப்பம் தாங்கும் கார்பெடோசின் மருந்தைச் சோதிக்கப் பத்து நாடுகளில் 29,645 தாய்மாரிடம் நடந்த ஆய்வுக்குப் பயணப்பட்டன. அதன் முடிவு 2018இல் வெளிவந்தது. அதுவரையிலும் விரிப்பு பெரும்பாலும் ஆய்வாளரின் கருவியாகவே இருந்தது. எவ்வளவு போயிற்று என்று கணக்கெழுதப் பயன்பட்டதே தவிர, போய்க்கொண்டிருக்கும்போதே குரல் கொடுக்கவில்லை.

அந்தக் குரலைக் கொடுத்தது ‘இ-மோட்டிவ்’ ஆய்வு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அரி குமாரசாமியும் அவருடைய குழுவினரும் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் இதை நடத்தினார்கள். ஒரு பாதி மருத்துவமனைகளுக்குக் கோடு போட்ட விரிப்பு போனது. 300இல் எச்சரிக்கை, 500இல் செயல். முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கொரு முறை கருப்பையின் இறுக்கத்தையும் விரிப்பையும் பார்க்க வேண்டும். எல்லை தாண்டினால் கருப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்சிடோசின், டிரானெக்சமிக் அமிலம், இரத்தக்குழாய் வழித் திரவம், உதிரம் வரும் இடத்தைத் தேடுவது எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஒன்றைச் செய்து பலிக்கிறதா என்று காத்திருந்து அடுத்ததற்குப் போகும் பழைய வழக்கம் அங்கே ஒழிந்தது.

மறு பாதி மருத்துவமனைகளுக்கும் விரிப்பு போனது. கோடு மட்டும் இல்லை. அங்கே பெரும்போக்கு ஏற்பட்டவர்களில் 51 சதவீதத்தினரிடமே அது கண்டுபிடிக்கப்பட்டது. கோடு இருந்த இடங்களில் 93 சதவீதம். கடும் உதிரப்போக்கு, அதனால் அறுவை, மரணம் என்ற கொடிய விளைவுகள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கின. பயிற்சிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அந்தப் பயிற்சியைத் தட்டியெழுப்பியது கோடு. கோடில்லாப் பையிலும் அதே உதிரம் கண்ணெதிரே நிறைந்துகொண்டுதான் இருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

2023 மே மாதம் முடிவு வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், பெண்ணுறுப்பு வழிப் பிரசவம் அனைத்துக்கும் அளவுக் கோடிட்ட விரிப்பைப் பரிந்துரைத்தது. 2025இல் வந்த வழிகாட்டுதல், 500 வரை காத்திருக்க வேண்டாம், 300 மில்லியோடு நாடியோ அழுத்தமோ பிசகினாலே சிகிச்சையைத் தொடங்குங்கள் என்றது.

ஒரு விரிப்பின் உழைப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். அதற்குள் தாயும் பிள்ளையும் தேறியிருந்தால் செவிலியர் நாடாவை அவிழ்த்து, பையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அளவைப் பிரசவத் தாளில் எழுதுகிறார். விரிப்பு மருத்துவக் கழிவோடு போகிறது. பக்கத்துக் கட்டிலில் வலி கண்டிருக்கும் பெண்ணுக்குப் புதிதாக இன்னொன்று வேண்டும். அலமாரியில் அது இருக்க வேண்டும்.