பேனா போட்ட சோறு

(வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர் ஒருவர்)

"மலருக்கு ஏதாவது வரலாற்றுக் கட்டுரை கொடுங்கள்" என்று நமது சங்கச் செயலாளர் கேட்டார். சோழர் காலத்து நிலவரி பற்றி எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். அதைவிட, இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உடனே உதவக்கூடிய வரலாறு ஒன்று உண்டு என்று பட்டது. எழுத்தை நம்பிய தமிழர்கள் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதே அது.

கல்லூரி விழாவுக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ ஓரமாக வந்து, "சார், எழுதியே பிழைக்க முடியுமா?" என்று கேட்பது வழக்கம். அவர்கள் வீட்டில் அப்பா கேட்கும் கேள்வி வேறு: "கதை எழுதினா சோறு போடுமாடா?" இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கையொப்பம் வாங்கிய ஆசிரியர்

உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதை நமக்கெல்லாம் பாடத்திலேயே வந்தது. அவர் பணம் தேடிய கதையை யாரும் பரீட்சையில் கேட்பதில்லை! ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்த பிறகு, திருவாவடுதுறை மடத்தின் ஆதரவில் இருந்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய். வீட்டுச் செலவுக்கு அது சரி. சீவக சிந்தாமணி மாதிரி பெரிய நூலை அச்சேற்ற அது எம்மாத்திரம்?

அவர் செய்தது என்ன தெரியுமா? புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கினார். முன்பணமும் திரட்டினார். 1887-இல் சிந்தாமணி வந்தது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன. அடுப்புக்குக் கல்லூரிச் சம்பளம், காகிதத்துக்குக் கையொப்பம், ஆதரவுக்கு மடம். ஒரு கால் ஆடினால் மற்ற கால்கள் தாங்கின. எண்பத்தைந்து வயதை நெருங்கும்போதுகூட, 1940-இல், ஆனந்த விகடனில் தம் சுயசரிதையைத் தொடராக எழுத ஆரம்பித்தார்.

பாரதியின் நாற்பது புத்தகங்கள்

பாரதிக்கு அப்படி ஒரு நிலையான கால் அமையவில்லை. எட்டயபுரம் சமஸ்தானத்தில் சில காலம், 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம், பிறகு சென்னையில் சுதேசமித்திரன் உதவியாசிரியர், அதன்பின் 'சக்கரவர்த்தினி', 'இந்தியா' பத்திரிகைகள். 1908-இல் புதுச்சேரி போனார். 'இந்தியா' நின்றதும் வருமானமும் நின்றது.

1920-இல் அவர் போட்ட திட்டத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடுவது. மொத்தம் நாலு லட்சம் பிரதி! அதற்கு நண்பர்களிடம் கடன் கேட்டார். திட்டம் நடக்கவில்லை. 1921-இல் காலமாகிவிட்டார். அவர் கணக்கில் தப்பு இல்லை என்பதைப் பிற்காலம் காட்டியது. அவர் பாட்டுக்களை உரிமை வாங்கி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் 1949-இல் சென்னை மாகாண அரசே அந்த உரிமையைப் பெற்றுப் பொதுவுடைமைக்கு வழி செய்தது. சொத்து இருந்தது, சொந்தக்காரர்தான் இல்லை.

பத்திரிகையும் சினிமாவும்

அடுத்த தலைமுறைக்குப் பத்திரிகை பெரிய வாசலாகத் திறந்தது. ஆனந்த விகடனில் பேர் வாங்கிய கல்கி, 1941-இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகையே ஆரம்பித்தார். அது எல்லாருக்கும் வாய்க்குமா?

புதுமைப்பித்தனுக்கு வாய்க்கவில்லை. 'தினமணி'யில் உத்தியோகம், பிறகு 'தினசரி', நடுவில் மொழிபெயர்ப்பு, அப்புறம் சினிமா வசனம் என்று அவருக்கும் வருமானம் நாலு பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆனால் சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார், படம் வரவில்லை. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948-இல் மறைந்தபோது வயது 42.

கண்ணதாசனும் பாட்டெழுதிச் சம்பாதித்ததைப் படம் எடுத்து விட்டவர். 1958-இல் 'மாலையிட்ட மங்கை' நன்றாக ஓடியது. 1959-இல் 'சிவகங்கைச் சீமை' கையைச் சுட்டது. பாட்டு எழுதி எழுதியே கடனை அடைக்க வேண்டியதாயிற்று.

சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். கைப்பணம் கரைந்தது. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர்.

இந்த நாலைந்து பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பல வருமானம் இருந்தது மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. வாசகர் பணம் முன்னால் வந்த இடத்தில் எழுத்தாளர் நிமிர்ந்தார். தம் பணத்தையோ கடன் பணத்தையோ முன்னால் போட்ட இடத்தில் பெரும்பாலும் சரிந்தார். உ.வே.சா.வின் கையொப்ப நோட்டுக்கும் கண்ணதாசனின் படக் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

உத்தியோகம் பார்த்த எழுத்தாளர்கள்

தமிழில் உருப்படியாக எழுதியவர்களில் பாதிப்பேர் மாதச் சம்பளக்காரர்கள் என்று சொல்லலாம். தி. ஜானகிராமன் ஆசிரியராக இருந்து அகில இந்திய வானொலிக்குப் போனார். லா.ச.ரா. வங்கி உத்தியோகம். ந. பிச்சமூர்த்தி வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு தொடர்கதை எழுதிக் குவித்தார். சினிமாவுக்கும் வசனம் எழுதினார்.

வேலையை விட்டவர்களும் உண்டு. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். அதை விட்ட பின் எழுத்துதான் வாழ்க்கை. தமிழில் கதை, ஆங்கிலத்தில் கட்டுரை, 'கணையாழி'யில் ஆசிரியர் பணி என்று சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் குடும்பம் நடந்தது. அந்தப் பதினாலு வருஷ ஸ்டூடியோ அனுபவம் வீணாகவில்லை. 'கரைந்த நிழல்கள்' நாவலாக வந்தது. சம்பளம் நின்றுபோன உத்தியோகம்கூட பிற்பாடு எழுத்தாகக் கூலி கொடுக்கும்!

கையெழுத்துப் போடுமுன்

ஒரு சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவுக்குப் பாட்டோ இசையோ கொடுத்தால், தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனையோ கவிஞர்களின் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, அவர்களுக்கு ஒன்றும் வராமல் போனதற்கு இது ஒரு காரணம். 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று ஆயிற்று. புத்தகமானால், ஆசிரியர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பேரப்பிள்ளை காலம் வரை வரக்கூடிய சொத்தைக் கைச்செலவுக்கு விற்றுவிடக் கூடாது அல்லவா?

என்னுடைய நோட்டு

நான் 1978-இல் இங்கே பி.ஏ. முடித்தவன். முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கூடவே சிறுகதை, வானொலி நாடகம், மொழிபெயர்ப்பு. வரவு செலவு நோட்டில் நாலு பத்தி போட்டு எழுதி வந்தேன்: சம்பளம், பத்திரிகை, வானொலி, மொழிபெயர்ப்பு. ஒரு வார இதழ் பன்னிரண்டு வாரத் தொடருக்குக் கடைசிவரை காசு தரவில்லை. ரிஜிஸ்தர் தபாலில் நாலு கடிதம் போட்டும் பதில் இல்லை. பேர் எதற்கு, விடுங்கள். அந்த வருஷம் என் மகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தை மொழிபெயர்ப்புப் பணம் கட்டியது. பத்திரிகைகள் கதைகளைக் குறைத்துக்கொண்டபோது வானொலி கைகொடுத்தது. நாலு பத்தியும் ஒரே வருஷத்தில் காலியாகக் கிடந்ததை நான் பார்த்ததில்லை. பெரிய பணம் இல்லை. ஆனால் பிடிக்காததை எழுதச் சொன்னபோது "வேண்டாம் சார்" என்று சொல்லும் தைரியத்தை அந்த நாலு பத்திதான் கொடுத்தது.

தம்பி, தங்கைகளுக்கு

எழுதியே பிழைக்கலாம். ஆனால் ஒரே எழுத்தால், ஒரே இடத்தில் எழுதிப் பிழைப்பது கஷ்டம். முதலில் வாடகைக்கும் அரிசிக்கும் ஒரு வழி செய்துகொள்ளுங்கள். அது எழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேலையானால் நல்லது: மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி. இரண்டாவது வழியை, முதல் வழி நன்றாக ஓடும்போதே தொடங்குங்கள். நின்றபின் தேடினால் கிடைத்த விலைக்குத்தான் போக வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டு நகையை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தாதீர்கள். வாசகரிடம் முன்பணம் கேளுங்கள், உ.வே.சா.வே கேட்டிருக்கிறார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "சோறு போடுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். "எத்தனை வழியில் போடும், கணக்குக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை யோசிப்பான்.