எட்வர்டு ரோஜா வந்த வழி

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் காட்டும் 99 பூக்களில் ரோஜா இல்லை. செடியின் பெயரே போர்த்துகீசிய மொழியின் ‘ரோசா’விலிருந்து வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளைப் பூப் பூக்கும் காட்டு ரோஜா ஒன்று கொடியாகப் படர்கிறது; அது மலையை விட்டு இறங்கி வீட்டுத் தோட்டத்துக்கு வரவில்லை. கொல்லையில் துளசிக்கும் செம்பருத்திக்கும் பக்கத்தில் நிற்கிற, எல்லோரும் ‘நாட்டு ரோஜா’ என்று சொல்கிற செடி கடல் கடந்து வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தடவைதான் பூத்தன. டமாஸ்க் வகை ஒன்று மட்டும் இலையுதிர் காலத்தில் மறுபடி சில பூக்கள் தரும். சீனத் தோட்டங்களிலோ துளிர் விடும்போதெல்லாம் மொட்டு வைக்கும் ரோஜாக்கள் நெடுங்காலமாக இருந்தன. 1790களில் இவை இங்கிலாந்தை எட்டின. கீழ்த்திசைக் கப்பல்களுக்குக் கல்கத்தா ஒரு தங்குமிடம். அதையொட்டி சிப்பூரில் 1787இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் சீன ரோஜாக்களும் வளர்ந்தன. பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை ‘வங்காள ரோஜா’ என்றே அழைத்தார்கள். வழியில் தங்கிய ஊர் பிறந்த ஊராகிவிட்டது.

இந்த இரண்டு குலமும் தற்செயலாகக் கலந்த இடம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. அப்போது அதற்கு பூர்போன் என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாகச் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் சேர்த்து நட்டிருந்தார்கள். வேலிச் செடிகளுக்கு நடுவே இரண்டிலும் சேராத ஒரு கன்று முளைத்திருப்பதை எதுவார் பெரிஷோன் என்ற தோட்டக்காரர் கண்டு தனியே வளர்த்தார் என்பது தோட்டக்கலை வரலாற்றில் வழங்கும் செய்தி. 1817இல் அத்தீவுக்கு வந்த தாவரவியலாளர் பிரெயோன் அதைக் கவனித்துப் பாரிசுக்கு விதை அனுப்பினார். ஐரோப்பாவில் பூர்போன் ரோஜா என்ற ஒரு வம்சமே அதிலிருந்து கிளைத்தது. இந்தியாவில் ‘எதுவார்’ வாய்வழக்கில் எட்வர்டு ஆனது. வேளாண் நூல்களில் எட்வர்டு ரோஜா என்று இருக்கும் இதையே வீடுகளில் பெரும்பாலும் பன்னீர் ரோஜா என்கிறார்கள். திருச்செந்தூரில் விபூதி வைத்துத் தரும் பன்னீர் இலை வேறொரு மரத்தினுடையது.

எட்வர்டு ரோஜாவைத் தமிழ் வீடுகள் விடாமல் வைத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது: குச்சி நட்டால் பிழைக்கும். கவாத்து செய்தபின் பென்சில் பருமனில் ஒரு குச்சியைச் சாய்வாக வெட்டி, மேல் நுனியில் சாணி அப்பி, நிழலில் ஊன்றினால் போதும். பக்கத்து வீட்டிலிருந்து இப்படியே தெரு முழுதும் பரவும். காம்பு குட்டை, இதழ் ஒரே நாளில் உதிரும் என்பதால் பூச்செண்டுக்கு ஆகாது. பூவை உதிரியாக நிறுத்து விற்கிற, மாலை கட்டுகிற, தலையில் சூடுகிற ஊரில் அதெல்லாம் ஒரு குறையே இல்லை.

1867இல் லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் கியோ ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜாவை வெளியிட்டார். நீண்ட காம்பும் கூரிய மொட்டும் கொண்ட கலப்பினத் தேயிலை ரோஜாக்களின் காலம் அதோடு தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். இந்தியாவில் இவ்வகைகளை ஊக்கத்தோடு வளர்த்தவர்களில் வேளாண் விஞ்ஞானி பி. பி. பால் முக்கியமானவர்; கோதுமை ஆராய்ச்சிக்கு இடையே பல புது ரோஜாக்களையும் உருவாக்கினார். உதகையின் ரோஜா பூங்கா 1995இல் அமைந்தது.

இந்தப் புது ரோஜா வீட்டுக்கு ஒட்டுச்செடியாக வந்தது. காட்டு ரகத்தின் தண்டுப் பட்டையில் ‘டி’ வடிவில் கீறி, நல்ல ரகத்தின் ஒற்றை மொட்டைச் செருகிக் கட்டுவார்கள். சமவெளி வெயிலில் மேலே உள்ள ரகம் சோர, ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடி துளிர்க்கும். ‘செடி நன்றாக வருகிறது’ என்று மகிழ்ந்து விட்டுவைத்தால், மறு ஆண்டு வாங்கிய ரோஜா இருக்காது.

குளிர்நாட்டு இனங்களிலிருந்து வந்த ரோஜாவை வெப்பநாட்டில் வளர்ப்பதில்தான் கோளாறு என்று கருதினார் கொடைக்கானலின் ரோஜா வளர்ப்பாளர் எம். எஸ். வீரராகவன். மணிப்பூர் மலைகளில் படரும் ரோசா ஜைஜான்டியாவையும், வங்காளம், பீகார்ப் பக்கம் ஈர நிலத்தில் வளரும் ரோசா கிளைனோஃபிலாவையும் பெற்றோராக வைத்து அவரும் அவர் மனைவி கிரிஜாவும் புதிய வகைகளை உருவாக்கினார்கள். அவற்றுள் ஒரு மஞ்சள் ரோஜாவுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர்.