மூக்குக்காக எல்லை தாண்டியவர்கள்

தெற்கு இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில், பாறை மேல் அமைந்த சிற்றூர் த்ரோப்பேயா. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வியானேயோ குடும்பத்துச் சகோதரர்கள் இருவர், பியேத்ரோவும் பாவோலோவும், மூக்கிழந்தவர்களுக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். பொலோஞாக்காரரான லியோனார்தோ பியோரவந்தி என்ற வைத்தியர் 1549 வாக்கில் அவர்களைத் தேடிப் போனார். தானும் வைத்தியன் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. போரில் மூக்கை இழந்த உறவினருக்காக விசாரிக்க வந்திருப்பதாகச் சொல்லி உள்ளே நுழைந்தார். ரத்தத்தைக் காணச் சகிக்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் அறுவை முழுவதையும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு 1570இல் வெளியிட்ட நூலில் அதை விவரமாக எழுதினார். தொழில் திருட்டு என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் சொன்ன பொய். அது அங்கே எடுபட்டது. எங்கோ வடக்கிலிருந்து ஒரு மூக்குக்காக இத்தாலியின் தென்கோடிவரை ஆள் வருவதில் அந்தச் சகோதரர்கள் சந்தேகப்பட எதையும் காணவில்லை. அவர்களிடம் வருபவர்கள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

இன்று இஸ்தான்புல்லுக்கும் தெஹ்ரானுக்கும் சியோலுக்கும் மூக்கைத் திருத்திக்கொள்ளப் போகிறவர்களைப் பற்றிப் பேசும்போது, மலிவான விமானச் சீட்டும் கைபேசிக் கேமராவும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது என்று பொதுவாக எழுதுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஊர்விட்டு ஊர் போவது இந்தத் தொழிலுடன் கூடவே பிறந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. மூக்கு வைக்கும் திறமை கைப்பழக்கத்தில் வருவது. ஆகவே பரவலாக இல்லாமல் சில வீடுகளிலும் சில நகரங்களிலுமே தேங்கி நிற்கும். இன்னொன்று, முகத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கு, பழைய முகத்தை அறிந்தவர்கள் நடுவே அதைச் செய்துகொள்வது கடினம்.

த்ரோப்பேயாவுக்கு முன்பே சிசிலித் தீவின் கத்தானியாவில் பிராங்கா குடும்பம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் தந்தை முகத்துத் தோலை எடுத்து மூக்கு அமைத்தார். மகன் அந்தோனியோ, முகத்தில் இன்னொரு வடு விழாமலிருக்க, கைத்தோலுக்கு மாறினார். எலீசியோ காலென்சியோ என்ற கவிஞர் மூக்கிழந்த நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிராங்காவின் வித்தையைப் புகழ்ந்து, உடனே புறப்பட்டு வரும்படியும், வேண்டிய அளவு மூக்கோடு ஊர் திரும்பலாம் என்றும் நண்பரை அழைக்கிறார். இன்றைய மருத்துவப் பயண முகவர் எவரும் இதைவிடக் கவர்ச்சியாக விளம்பரம் எழுதிவிட முடியாது. பிராங்கா குடும்பம் வித்தையை ரகசியமாக வைத்துக்கொண்டது, வியானேயோ குடும்பமும் அப்படியே. வித்தை வெளியே போகாததால் நோயாளிகள் உள்ளே வர வேண்டியிருந்தது.

ரகசியம்தான் காரணம் என்றால், நூல் அச்சானதும் பயணம் நின்றிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். பொலோஞாவின் பேராசிரியர் காஸ்பரே தாலியாகோட்சி 1597இல் வெனிசில் வெளியிட்ட பெருநூல், அறுவையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் போட்டு விளக்கியது. மேற்கையிலிருந்து பாதி கிளப்பிய தோலை மூக்கிருந்த இடத்தில் தைத்து, கையைத் தலையோடு சேர்த்து ஏறத்தாழ 20 நாள் கட்டி வைப்பார்கள். தோல் முகத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகே கையை அறுத்து விடுவிப்பார்கள். அதன் பிறகு செதுக்கிச் செதுக்கி உருவம் கொடுக்க மாதங்கள் ஆகும். எல்லாம் அச்சில் இருந்தது. இருந்தும் 1599இல் அவர் இறந்த பிறகு அந்த முறை ஐரோப்பாவில் மெல்ல மெல்ல மங்கி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது. கையோடு கை வைத்துப் பழகியவர்கள் போனதும் படங்களால் ஒரு மூக்கைக்கூட உண்டாக்க முடியவில்லை. ரகசியம் ஒரு பகுதிதான். பெரும்பகுதி பழக்கம். பழக்கத்தை வளர்க்க ஒரே இடத்தில் நிறைய மூக்குகள் வேண்டும்.

நிறைய மூக்குகள் அறுபட்ட நாடு இந்தியா. தண்டனையாகவும் பழிவாங்கலாகவும் மூக்கை அறுக்கும் வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1650களில், படையெடுத்து வந்த மைசூர்ப் படை அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டு போனதை நம் வரலாற்று நூல்கள் மூக்கறுப்புப் போர் என்றே குறிக்கின்றன. இராமநாதபுரம் சேதுபதியின் படை வந்த பிறகுதான் அது அடங்கியது. உயிரை விட்டுவிட்டு மூக்கை மட்டும் எடுப்பதன் நோக்கம் வெளிப்படை. தோற்றவன் தோல்வியைச் சாகும்வரை முகத்தில் சுமந்து திரிய வேண்டும். அறுப்பவர் இருந்ததால் வைப்பவரும் இருந்தார். சுசுருதரின் நூல், அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலைக் கிளப்பி ஒட்டவும், மூச்சு போய்வர இரண்டு குழல்களைச் செருகவும் சொல்கிறது. இமயத்தின் அடிவாரத்துக் காங்க்ராவில் சில குடும்பங்கள் இதையே பரம்பரைத் தொழிலாகச் செய்தன. 1830களில் அந்தப் பக்கம் சுற்றிய ஆங்கிலப் பயணி விக்னே, மூக்கிழந்தவர்கள் தொலைதூரங்களிலிருந்து அவ்வூரை நாடி வருவதைப் பதிவு செய்திருக்கிறார். கத்தானியாவும் காங்க்ராவும் ஒன்றையொன்று கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை. ஆனாலும் அமைப்பு ஒன்றுதான்: ஒரு குடும்பம், ஒரு ஊர், அதை நோக்கி நாலாபுறமிருந்தும் வரும் அறுந்த முகங்கள்.

உலகமே அறிந்துகொண்ட இந்திய மூக்கு காவாஸ்ஜியுடையது. மைசூரின் திப்பு சுல்தானுக்கு எதிரான 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். மதுரைக்காரர்களின் மூக்கை அறுத்த அதே மைசூர் அரசின் வழக்கம், ஒன்றேகால் நூற்றாண்டு தாண்டியும் மாறாமல் இருந்திருக்கிறது. ஓர் ஆண்டு மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனேயில் மூக்கு வைத்தவர் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர். மெழுகைத் தகடாக்கி மூக்கின் வடிவில் மடித்துப் பார்த்து, அதையே தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் விட்டுத் தோலைக் கிளப்பித் திருப்பி, கீழே பொருத்திக் காசுக்கட்டியால் ஒட்டினார். ஏறத்தாழ 25ஆம் நாள் காம்பு அறுக்கப்பட்டது. உடனிருந்து பார்த்த இரண்டு ஆங்கில மருத்துவர்களின் சாட்சியத்துடன், 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் படத்தோடு இச்செய்தியை வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் பிணங்களில் பழகிப் பார்த்து, உயிருள்ள ஒருவரிடம் செய்யத் துணிந்தது 1814 அக்டோபரில்தான். பத்திரிகை லண்டனிலேயே வெளியானது. அதிலிருந்த வித்தை அங்கே ஒரு கைக்கு வந்துசேர இருபது ஆண்டுகள் ஆயின. நான் முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கார்ப்யூவின் 1816 நூல் ஜெர்மன் மொழிக்குப் போக, பெர்லினில் கார்ல் பெர்டினாண்ட் பான் கிரேபே அதைக் கையிலெடுத்தார். மூக்கின் தலைநகரம் வடக்கே நகரத் தொடங்கியது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இவர்களெல்லாம் இல்லாத மூக்கைப் பெறப் போனவர்கள். இருக்கிற நல்ல மூக்கைச் சிறிதாக்கப் போகும் இன்றைய பயணிகளை இவர்களுடன் எப்படிச் சேர்ப்பது? ஒன்று மருத்துவம், மற்றது ஆடம்பரம் அல்லவா? கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கோடு நினைப்பதுபோல் நேராக இல்லை. நெற்றித் தோலில் எழுந்த மூக்கு மூச்சுக்கோ மோப்பத்துக்கோ பெரிதாக உதவியதில்லை. அதற்குள் எலும்பில்லை, பெரும்பாலும் தொளதொளத்துச் சுருங்கிவிடும். அது அழித்தது ஓர் அடையாளத்தை. தண்டனை பெற்றவன், தோற்றவன், 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் என்றால் பரங்கிப்புண் வந்தவன் என்று முகம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தியது. தன் வேலையின் பயன் கண்ணுக்கு இன்பம் தருவதில் இல்லை, துன்பப்பட்டவரின் மனத்தைத் தேற்றுவதில் இருக்கிறது என்று தாலியாகோட்சியே வாதிட வேண்டியிருந்தது. வீண் அலங்காரம் என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே இருந்திருக்காவிட்டால் அந்த வாதத்துக்கு அவசியம் வந்திருக்காது.

அந்த வாதத்தை முழு மூக்குக்கும் நீட்டியவர் பெர்லினின் ஜாக் ஜோசப். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜான் ஆர்லண்டோ ரோ 1887இலேயே மூக்கின் உட்புறம் வழியாகத் திருத்தம் செய்து காட்டியிருந்தார். ஆனால் அதை ஒரு முழு வித்தையாக வளர்த்தது ஜோசப்தான். 1898இல் அவரிடம் வந்தவர் ஒரு நிலவுடைமையாளர். மூக்கு மிகப் பெரிதாக இருப்பதால் பொது இடத்துக்குப் போகவே கூசுவதாகச் சொன்னார். நோய் எதுவுமில்லை. அறுவைக்குப் பிறகு மனச்சோர்வு நீங்கி மனிதர்களோடு பழகுகிறார் என்று ஜோசப் பெர்லின் மருத்துவச் சங்கத்தில் எடுத்துச் சொன்னார். தாலியாகோட்சியின் நியாயம் முந்நூறு ஆண்டுகள் கழித்து அப்படியே திரும்பி வந்தது. ஜோசப் யூதர், அவரிடம் வந்தவர்களிலும் பலர் யூதர்கள். யூத வெறுப்பு முறுகிக்கொண்டிருந்த ஜெர்மனியில் மூக்கின் வளைவு கேலிச்சித்திரக்காரர்களின் முத்திரையாக இருந்தது. அதை நேராக்கிக்கொள்ள வந்தவரை அழகுப் பைத்தியம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கத்தியால் போட்ட குறியும் பிறப்போடு வந்த வளைவின் மேல் பிறர் ஏற்றிய குறியும், அதைச் சுமப்பவருக்கு ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அதற்காக இன்று நடக்கும் எல்லா அறுவையையும் நான் நியாயப்படுத்தவில்லை. குறியைப் போடுகிறவனை விட்டுவிட்டு மூக்கைத் திருத்துவது அநியாயத்துக்குப் பணிவது என்பாரின் வாதத்திலும் உண்மையிருக்கிறது. ஆனால் அது அறுவையின் தேவையைப் பற்றிய வாதம். அன்றைய பயணியையும் இன்றைய பயணியையும் இரண்டு சாதியாகப் பிரிக்க அது போதாது.

பெர்லினுக்கு நோயாளிகளைப் போலவே மருத்துவர்களும் வெளிநாடுகளிலிருந்து வந்தார்கள். குஸ்தாவ் அவ்ப்ரிக்ட், ஜோசப் சாபியன் போன்றோர் அங்கே கற்றதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர், 1934இல் ஜோசப் இறந்தார். மூக்கின் தலைநகரம் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. இப்படித் தலைநகரங்கள் மாறுவதை வைத்துப் பார்த்தால், இன்றைய தெஹ்ரானும் புதிராகத் தெரியாது. மேற்கில் பயின்று திரும்பிய மருத்துவர்கள் இருந்தார்கள். 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் நடந்த போர் சிதைந்த முகங்களை அறுவை மேசைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. முகமும் கைகளும் மட்டுமே வெளியே தெரியும்படியான உடைச் சட்டமும் சேர்ந்தது. நகரில் மூக்குகள் குவிந்தன, கைகள் பழகின. பிறகு ஈராக்கிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும், வெளிநாட்டில் குடியேறிய ஈரானியரிடமிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

தெரிந்தவர் கண்ணில் படக் கூசுவது என்ற என் இரண்டாவது காரணத்தைத் தெஹ்ரான் சற்று அசைத்துப் பார்க்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே மூக்கில் கட்டோடு இளைஞர்கள் கடைத்தெருவில் நடக்கிறார்கள். யாரும் ஒளிவதில்லை. ஒளிவதற்கு இல்லையென்றால் தூரம் எதற்கு? உள்ளூர்க்காரர் காட்டிக்கொள்ளலாம்; வெளிநாட்டிலிருந்து வருபவரோ விடுமுறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருபவராக இன்னமும் இருக்கலாம். ஆயினும் வெட்கத்தின் பங்கு குறைந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அந்த இடத்தை விலை பிடித்துக்கொண்டது.

விலைதான் எல்லாம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. மலிவு மட்டுமே இழுக்குமானால் எல்லோரும் உலகின் மிக மலிவான நாட்டுக்கல்லவா போக வேண்டும்? அப்படி நடப்பதில்லை. சியோலின் கங்னம் பகுதி மலிவுக்குப் பெயர்போன இடமில்லை. இருந்தும் சீனாவிலிருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள், தெருவுக்குத் தெரு அதே தொழில் நடப்பதால். ஒரே தொழில் அடர்ந்த இடத்தில் போட்டி விலையை இறக்குகிறது, உள்ளூர் நாணயம் விழுந்தால் அது இன்னும் இறங்குகிறது. அந்த வகையில் விலை என்பது திறமை தேங்கியதன் பின்விளைவு. புதிதாக நுழைந்திருப்பது அரசு. வெளிநாட்டு நோயாளிகளை மருத்துவமனைகள் வலிந்து அழைக்கத் தென்கொரியா 2009இல் சட்டத்தைத் திருத்தியது. 2016 முதல் 2025 வரை அழகு அறுவைக்கான வரியை வெளிநாட்டவருக்குத் திருப்பியும் தந்தது. பிராங்கா குடும்பத்துக்கோ, கடிதம் எழுதும் கவிஞர் ஒருவரே போதுமாக இருந்தார்.

உண்மையில் பெரிதாக மாறியிருப்பது பயணமோ நோக்கமோ அல்ல, தங்கும் காலம். பொலோஞாவுக்கு வந்தவர் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார். மூக்கு ஒட்டியதா, அழுகியதா, சுருங்கியதா என்பதை அதை வைத்த கையே பார்த்தது. புனேயில் காம்பை அறுத்ததும் அதை உயிரோடு விட்டிருந்த அதே ஆள்தான். இன்றைய பயணி ஒரு வாரமோ பத்து நாளோ தங்கி, மூக்கின் மேலிருந்த பட்டையை எடுத்ததும் விமானம் ஏறிவிடுகிறார். ஆனால் வீக்கம் முழுவதும் வடிந்து மூக்கு தன் வடிவத்துக்கு வர ஓர் ஆண்டு ஆகும். மறுபடி அறுவை தேவைப்படுவோர் 100க்கு 5 முதல் 15 பேர் என்று மருத்துவ நூல்கள் பொதுவாகக் கணக்குச் சொல்கின்றன. அந்தக் குறை தெரியவரும்போது மருத்துவர் ஒரு நாட்டில், மூக்கு இன்னொரு நாட்டில். உள்ளூர் மருத்துவரோ பிறர் கைவைத்த மூக்கைத் தொடத் தயங்குவார். முதல் அறுவையில் குருத்தெலும்பு எவ்வளவு எடுக்கப்பட்டது, எங்கே ஒட்டு வைக்கப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வடுப்பிடித்த இடத்தில் இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது. வெளிநாட்டு மூக்கு அறுவையை எதிர்ப்பவர்கள் ஆடம்பரத்தையும் மலிவையும் பிடித்துக்கொண்டு வாதாடுவதை விட்டுவிட்டு, அறுவைக் குறிப்புகளை நோயாளி கையோடு கொண்டுவருகிறாரா என்றும், ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அவரைப் பார்க்கப்போவது யார் என்றும் கேட்கலாம்.