சூசையப்பரின் பட்டறையும் நம் பிள்ளைகளும்



மாற்கு எழுதிய நற்செய்தி நம் ஆண்டவரைத் தச்சர் என்று குறிப்பிடுகிறது. மத்தேயுவோ அவரைத் தச்சரின் மகன் என்கிறார். இப்படிச் சொன்னவர்கள் நாசரேத்து ஊரார். பெருமையாகச் சொல்லவில்லை, "மரவேலைக்காரர் வீட்டுப் பையன்தானே" என்று இளக்காரமாகவே சொன்னார்கள். சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நம்மிடமும் அந்த இளக்காரம் இல்லையா? யூபிலி மகிழ்ச்சியோடு இதையும் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கருவேலில் செதுக்கிய கலப்பை இல்லாமல் அன்று நம் கரிசல் விளைந்ததில்லை. வண்டிச் சக்கரமும், வேப்ப மரத்து நிலைக்கதவும், தொட்டிலும் தச்சர் கைவண்ணமே. பட்டறையில் சேரும் சிறுவன் முதலில் உளி தீட்டப் பழகுவான். பிறகு கோடு பிசகாமல் வாள் இழுப்பான், இழைப்புளி தள்ளுவான். கழுந்தும் துளையும் இடைவெளியின்றிப் பொருந்தும் நாளில்தான் அவன் தொழிலாளி. ஆனால் இந்த வித்தை பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கே சென்றது. மற்ற வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டாலும் கற்பது அரிதாயிருந்தது.

அந்தக் கதவைத் திறந்ததில் கிறிஸ்தவத் தொண்டர்களுக்குப் பங்குண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் எத்தனையோ குழந்தைகளை அநாதைகளாக்கியது. அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில், நம் ஆண்டவர் வளர்ந்த ஊரின் பெயரையே தாங்கிய நாசரேத்தில், ஆங்கிலிக்கன் குருவான ஆர்தர் மர்காஷிஸ் 1878-ல் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தச்சு, கொல்வேலை, தையல் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. உளி பிடிக்கத் தச்சர் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிலை அங்கே மாறிற்று. நம் பிரிந்த சகோதரர் செய்த இந்நற்பணியை நன்றியோடு நினைப்பதில் தவறில்லை.

நம் திருச்சபையிலும் இதே எண்ணம் வேரூன்றியது. இளமையில் தையலும் மரவேலையும் பழகிய புனித தொன் போஸ்கோ, இத்தாலியின் தூரின் நகரில் ஏழைச் சிறுவருக்காக 1853-ல் செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற் பட்டறையும் அமைத்தார்; 1856-ல் தச்சுப் பட்டறை சேர்ந்தது. அவருடைய சலேசிய சபைக் குருக்கள் 1906-ல் தஞ்சாவூர் வந்து சேர்ந்தனர். தொழிற்கல்வி இன்றளவும் அச்சபையின் சிறப்புப் பணியாக விளங்குகிறது.

ஆயினும் தொழிற்கல்வி எது, எது அல்ல என்பதையும் வரலாறே காட்டுகிறது. 1953-ல் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். "இது குலக்கல்வி" என்று எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் முதலமைச்சரான நம் விருதுநகர்க் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. உளி குற்றவாளியல்ல, "உன் தகப்பன் பிடித்ததால் நீயும் பிடி" என்பதே குற்றம். விரும்பிக் கற்பது கல்வி. பிறப்பினால் கட்டுண்டு கற்பது தளை.

1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அத்திருநாளைப் பாட்டோடும் பலியோடும் முடித்துக்கொள்வது போதுமா?

பெற்றோரே, பள்ளியை நிறுத்திப் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. படிக்கட்டும்; பட்டமும் பெறட்டும். கோடை விடுமுறையில் மகனோ மகளோ ஒரு முக்காலி செய்யக் கற்றுக்கொள்ளட்டும். அளந்து வெட்டாவிட்டால் பலகை வீணாகும் என்பதை ஒருமுறை கையால் அறிந்த பிள்ளை, அடுத்தவர் உழைப்பை அற்பமாகப் பேசாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விரும்பும் பிள்ளையைத் தோற்றவன் என்று எண்ணாதீர்கள். கூலி பேசும்போது தச்சரை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

முப்பது ஆண்டு வாக்கில்தான் ஆண்டவர் போதிக்கப் புறப்பட்டார். அதற்கு முன் அவர் அமர்ந்திருந்த பள்ளி சூசையப்பரின் பட்டறையே. அப்பட்டறையின் ஆசீர் நம் இல்லங்களில் தங்குவதாக!