மூன்று காலா, மூன்றரைக் காலா?

ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. உங்க அபார்ட்மென்ட் வாசல்ல ஒரு நாய்க்குட்டி. முன்னங்கால் ஒண்ணு பாதிதான் இருக்கு, பாதமே இல்லை. பழைய காயம் ஆறிடுச்சு. ஆனா நடக்கும்போது அந்த மிச்சக் காலைத் தரையில ஊன்றப் பார்க்குது, நுனி மறுபடி மறுபடி புண்ணாகுது. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறீங்க. "மிச்சத்தையும் தோள் வரைக்கும் எடுத்துடலாம்"னு சொல்றார். உங்களுக்குப் பதறுது. பாதியாவது இருக்கே, அதையும் ஏன் எடுக்கணும்?

அந்த டாக்டர் சொன்னதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு விஷயம். கால்நடை மருத்துவம் நாய்க்காகத் தொடங்கினது இல்லை. 1761-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் கிளோட் பூர்ஷெலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி வாங்கினார். அவர் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர். மாடுகளைக் கொத்துக் கொத்தா கொன்ற கொள்ளைநோயும், குதிரைகளும்தான் அன்றைய கவலை. 1791-ல் லண்டனில் வந்த கல்லூரியிலும் குதிரைக்குத்தான் முதல் மரியாதை. நாய் கணக்கிலேயே இல்லை.

அப்போ கால் உடைஞ்ச நாய்க்கு என்ன நடக்கும்? ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வாழ்க்கை வரலாறுகளில் அடிக்கடி வர்ற ஒரு சம்பவம் இருக்கு. 1837, அவருக்கு 16 வயசு. ஓர் ஆட்டிடையரோட நாய் மேல பசங்க கல்லெறிஞ்சு காலில் அடிபட்டுடுச்சு. எலும்பு உடைஞ்சுதுன்னு நினைச்ச இடையர், அதைத் தூக்கில் போடத் தயாராகிட்டார். அவர் கொடூரமானவர் இல்லை. வேலை செய்ய முடியாத நாய்க்குச் சோறு போட அவரால முடியாது, அவ்வளவுதான். நைட்டிங்கேலும் ஊர்ப் பாதிரியாரும் போய்ப் பார்த்தாங்க. எலும்பு உடையலை, வெறும் வீக்கம். வெந்நீர் ஒத்தடத்திலேயே சரியாச்சு. ஒருவேளை நிஜமாவே உடைஞ்சிருந்தா? அந்த நாய்க்கு அன்னைக்கே முடிவுதான்.

1846-ல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்தைப் பகிரங்கமா செஞ்சு காட்டினாங்க. 1867-ல் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். ரெண்டும் மனுஷங்களுக்காக வந்தது, பிறகு விலங்குகளுக்கும் வந்து சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் நாய் வேலையாள் நிலையிலிருந்து வீட்டு உறுப்பினராச்சு. காலை எடுத்துட்டு உயிரைக் காப்பாத்தறது சாதாரணமான சிகிச்சையாச்சு.

அப்போ உருவான பாடம்தான் "உயரத்தில் எடு". முன்னங்கால்னா தோள்பட்டை எலும்போட, பின்னங்கால்னா தொடையின் மேல்பகுதியில் அல்லது இடுப்பு மூட்டில். காரணம் நியாயமானது. அரைகுறையா விட்டா நாய் அதை ஊன்றும், இடிச்சுக்கும், புண்ணாக்கும். முழுசா எடுத்தா மூணு காலில் ஓடப் பழகிடும். நாய்க்கு நாலாவது கால் ஸ்டெப்னி மாதிரின்னு டாக்டர்கள் வேடிக்கையா சொல்றதும் உண்டு. பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் பழகிடுறதும் உண்மைதான்.

ஆனா செயற்கைக் கால் வந்ததும் கணக்கு மாறிச்சு. 2010-ல் இங்கிலாந்தில் நோயல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற மருத்துவர், அறுவடை இயந்திரத்தில் பின்பாதங்களை இழந்த ஆஸ்கர் என்ற பூனையின் எலும்பிலேயே உலோகத் தண்டு பொருத்திய செய்தி உலகம் முழுக்கப் போச்சு. 2014-ல் அமெரிக்காவில் டெர்பின்னு ஒரு நாய். பிறவியிலேயே முன்னங்கால்கள் சரியா வளரலை. முப்பரிமாண அச்சில் செஞ்ச வளைவான கால்களை மாட்டினதும் ஓட ஆரம்பிச்சுது.

கவனிச்சீங்களா? பழைய பாடம் "தொந்தரவு, எடுத்துடு"ன்னு சொன்ன அதே மிச்சக் கால்தான், செயற்கைக் கால் மாட்டறதுக்கான பிடிமானம். சாக்கெட் நிக்கணும்னா முழங்கை மூட்டு நல்லா இருக்கணும், அதுக்குக் கீழே போதிய எலும்பும் இருக்கணும். தோளோட எடுத்துட்டா அந்த வழி அடைபட்டுப் போகும்.

அதுக்காகச் செயற்கைக் கால்தான் எப்பவும் சரின்னு சொல்லலை. தினமும் மாட்டிக் கழட்டணும், தோல் புண்ணாகுதான்னு பார்க்கணும். குட்டி வளர வளர மாத்தணும், காசும் ஆகும். எலும்பில் புற்றுநோய் மாதிரி இருந்தா உயரத்தில் எடுக்கறதுதான் வழக்கம். இன்னொரு பக்கம், நாயோட எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குது. அதில் ஒண்ணு போனா மற்றதுக்குப் பாரம் கூடும். கனமான நாய்னா, மூட்டுத் தேய்மானம் இருந்தா, அது பெரிய விஷயம்.

அதனால அந்த டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. மூட்டு வேலை செய்யுதா? எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கு? மத்த மூணு காலும் எப்படி இருக்கு? பதிலைக் கேட்ட பிறகும் "எடுத்துடலாம்"னுதான் முடிவாகலாம். அதில் தப்பே இல்லை, அந்தக் குட்டி மூணு காலில் உங்க பின்னாலேயே ஓடி வரும். அவசரம் இல்லாதப்போ, கேட்காம மட்டும் கையெழுத்துப் போடாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.